புதிய மண்டபத்தின் தரைமட்டமும் ஒரு சுருதிப் பெட்டியும்: ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயிலின் பெயரை இதில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். வெளியே இருந்து படிக்கிறவர்கள், பினாங்கில், ஜார்ஜ் டவுனின் தாழ்வான பகுதியில், கடலுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு கோயில் என்று வைத்துக்கொள்ளட்டும். பட்டர்வொர்த்திலும் பிறையிலும்கூட மண்டபம் கட்ட நினைக்கிற நிர்வாகங்கள் இருக்கலாம். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய மண்டபத்தின் வரைபடத்தைக் காட்டினீர்கள். அழகாகத்தான் இருந்தது. தரை, இப்போதிருக்கும் சாலைமட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே. பக்கத்தில் ஓடும் லோங்காங்கின் (வடிகாலின்) அகலம், பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்டது. சுவாமி வாகனங்களும் வாத்தியங்களும் வைக்கிற அறை மறுபடியும் கீழ்த்தளத்தில். நான் எழுந்து, வரப்போகிற ஐம்பது அறுபது ஆண்டு மழையையும் கடல்மட்டத்தையும் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்டேன். அதற்கு ஓர் உறுப்பினர், "டீச்சர், நாளைக்கு மழை வருமான்னே சரியாச் சொல்ல முடியல. அறுபது வருஷம் கழிச்சு எவ்வளவு சூடு இருக்கும்னு யார் கணக்குப் போட முடியும்? எல்லாம் குத்துமதிப்பு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குள் தேநீரும் வந்துவிட்டது.

அவர் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் உட்கார்ந்தது என் தப்பு. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்களில் இரண்டு பேர் என்னிடம் நான்காம் ஆண்டில் படித்தவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாளைய மழை. புதன்கிழமை திருமுறை வகுப்பில் பிள்ளைகள் பாடும்போது அடுத்த வரியில் யார் எங்கே சறுக்குவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சுருதிப் பெட்டியை அரைக்கட்டை ஏற்றி வைத்தால் பாட்டு முழுவதும் அரைக்கட்டை ஏறித்தான் ஒலிக்கும் என்பதை, ஒருவரும் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். வானிலை என்பது அடுத்த வரி. பருவநிலை என்பது சுருதி. நான் கேட்டது சுருதியைப் பற்றி.

சுருதி என்று சொன்னது வெறும் உவமைக்காக இல்லை. பூமியின் சூட்டைக் கணக்கிடும் முறையே ஏறக்குறைய சங்கீதக் கணக்குத்தான். கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது ஒரு ஸ்தாயி ஏறிப் போனால் ஒலியின் அதிர்வெண் இரண்டு மடங்காகிறது. அதற்கு மேல் ஒரு ஸ்தாயி ஏற வேண்டுமானால் மறுபடியும் இரண்டு மடங்கு. காதுக்கு மட்டும் இரண்டும் ஒரே அளவு ஏற்றம். கரிவளி என்கிற கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். காற்றில் அது ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் பூமி ஏறக்குறைய ஒரே அளவு சூடாகிறது. 280 இலிருந்து 560 ஆனால் எவ்வளவோ, 560 இலிருந்து 1120 ஆனாலும் அவ்வளவு. இந்த எண்கள், ஒரு மில்லியன் காற்று மூலக்கூறுகளில் எத்தனை கரிவளி என்ற கணக்கு.

தொழிற்புரட்சிக்கு முன்னால் அது சுமார் 280. அதை ஷட்ஜமாக வையுங்கள். சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களை அதன்மேல் அடுக்கினால் ரிஷபம் 315, காந்தாரம் 350, மத்யமம் 373, பஞ்சமம் 420. (ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என்ன விகிதம் என்று வித்துவான்கள் சண்டைக்கு வர வேண்டாம். பாடப்புத்தக விகிதத்தைத்தான் எடுத்திருக்கிறேன்.) ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் கரிவளியை அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி நின்றது. அப்போதே ரிஷபத்துக்கு வந்துவிட்டோம். காந்தாரம் 1987-88 வாக்கில். விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் சபையில், பூமி சூடாவது தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னதும் 1988 இல்தான். மத்யமம் 2002 இல். பஞ்சமம் 2023 இல். அந்த ஆண்டின் சராசரி 421.

கீலிங்கின் கோடு நேராக ஏறுவதில்லை. வட பாதியின் காடுகள் தளிர்க்கும் மாதங்களில் இறங்கி, இலை உதிரும் மாதங்களில் ஏறி, மே மாதத்தில் உச்சத்தையும் செப்டம்பரை ஒட்டி அடியையும் தொடும். கமகம் போட்டுக்கொண்டே ஸ்வரம் ஏறுவது மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம் அது. பயமும் வரும்.

அண்டார்டிக்காவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகள் எட்டு லட்சம் ஆண்டுகளின் கணக்கைச் சொல்கின்றன. பனியுகங்களில் 180 வரை இறங்கியிருக்கிறது; அது மந்திர ஸ்தாயிக் (கீழ் ஸ்தாயி) காந்தாரத்தின் பக்கம். நடுவில் வந்த இதமான காலங்களில் 300-ஐ ஒட்டி ஏறியிருக்கிறது; அதாவது சுத்த ரிஷபம் வரை. எட்டு லட்சம் ஆண்டுகள் அந்த எல்லைக்குள்ளேயே சுற்றி வந்த பாட்டு, என் அப்பா பிறந்த பிறகு எல்லையைத் தாண்டிப் பஞ்சமத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது இன்னொருவர் என்னிடம் சொன்னார்: "420 என்றால் பத்தாயிரத்தில் நாலு பங்கு சொச்சம்தானே டீச்சர். அது என்ன செய்துவிடும்?" உங்கள் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி. பத்து லிட்டர் வாளியில் நாலு மில்லிலிட்டர் விட்டால் அதுவும் பத்தாயிரத்தில் நாலு பங்குதான். வாளித் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கும்? மீதித் தண்ணீருக்கு நிறமில்லை, அதனால் அது கணக்கில் வராது. காற்றின் பெரும்பங்கான நைட்ரஜனும் உயிர்வளியும் அப்படித்தான். பூமி வெளிவிடும் வெப்பக் கதிர் அவற்றைத் தாண்டித் தன்பாட்டுக்குப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துகிற வேலை நீராவி, கரிவளி, மீத்தேன் போன்ற சில வாயுக்களுக்குத்தான். கரிவளி இரட்டித்தால், பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 4 வாட் வெப்பம் வெளியேறாமல் தங்கும். ஒரு சின்ன எல்இடி விளக்கின் அளவு. ஆனால் கடலும் காடும் பாலைவனமும் சேர்த்து எல்லா இடத்திலும், இரவும் பகலும் அணையாமல் எரிகிற விளக்கு.

சரி, ஒரு ஸ்தாயி ஏறினால் எத்தனை டிகிரி? குத்துமதிப்பு என்று நம் உறுப்பினர் சொன்ன இடம் இதுதான். ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896 இல் கையாலேயே கணக்குப் போட்டு 5 முதல் 6 டிகிரி என்றார். கூடுதல்தான், ஆனால் கணினி என்ற பேச்சே இல்லாத காலம். 1938 இல் கய் கேலண்டர் (Guy Callendar) என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சுமார் 2 என்றார். நீராவி இயந்திர வேலைதான் அவருக்குத் தொழில்; இதை ஓய்வுநேரத்தில் செய்தார். 1967 இல் சியுகுரோ மனாபேயும் வெதரால்டும் கணினியில் போட்ட கணக்கு 2-க்குச் சற்று மேல் வந்தது. மனாபேக்கு 2021 இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 1979 இல் ஜூல் சார்னி தலைமையில் அமெரிக்காவில் கூடிய குழு, 1.5 முதல் 4.5 வரை, நடுவில் 3 என்றது. அந்த இடைவெளியைச் சுருக்க நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. 2021 இல் ஐபிசிசி என்கிற பன்னாட்டுப் பருவநிலைக் குழு, 2.5 முதல் 4 வரை இருக்கக்கூடும், சிறந்த மதிப்பு 3 என்று எழுதியது.

ஏன் ஒரே எண்ணாகச் சொல்ல முடியவில்லை? கரிவளி இரட்டிப்பதால் மட்டும் வருகிற சூடு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான். அதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் காற்று சூடானால் அதிக நீராவியைத் தாங்கும், நீராவி இன்னும் சூட்டைப் பிடிக்கும். பனி உருகினால் வெள்ளையாக இருந்த இடம் கறுப்பாகி வெயிலை உறிஞ்சும். இவையும் ஓரளவு தெரிந்தவைதான். பிடிகொடுக்காமல் நழுவுவது மேகம். நம் பினாங்குக் கொடிமலையைக் காலையில் பாருங்கள். அதன் இடுப்பில் தாழ்வாகப் படிந்திருக்கும் வெள்ளை மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அது குளிர்ச்சி. உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மெல்லிசாகப் பரவியிருப்பது கீழிருந்து போகிற வெப்பத்தைப் பிடிக்கும், அது சூடு. பூமி சூடாகும்போது உலகம் முழுக்க எது எவ்வளவு கூடும், எது குறையும்? அந்த 2.5-க்கும் 4-க்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் பெரும்பகுதி மேகம்தான்.

குத்துமதிப்பு வேறு, மதிப்பீடு வேறு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் நாம் போடுகிற பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று எந்த வருடமாவது சரியாகச் சொல்லியிருக்கிறோமா? மூவாயிரம் வரலாம், ஐயாயிரமும் வரலாம். எண்ணிக்கை உறுதியாகத் தெரியவில்லை என்பதற்காக உலை வைக்காமல் இருந்தோமா? பொருளாளர் நாலாயிரம் பேருக்கு வெள்ளி (பணம்) ஒதுக்குவார். அடுப்படி அக்கா அதற்கும் மேலே நாலு மூட்டை அரிசி எடுத்து வைத்துக்கொள்வார். மிஞ்சினால் பக்கத்துப் பந்தலுக்குக் கொடுக்கலாம், குறைந்தால் அவமானம். பந்தலுக்கு இருக்கிற இந்தப் புத்தி மண்டபத்துக்கு ஏன் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது எங்கே இருக்கிறோம் என்று பார்ப்போம். பஞ்சமம் என்பது காதுக்குப் பாதி ஸ்தாயி அல்ல, ஐந்தில் மூன்று பங்கு மாதிரி. மூன்று டிகிரியில் ஐந்தில் மூன்று பங்கு 1.8-ஐ ஒட்டி வருகிறது. கரிவளி 420 இலேயே நெடுங்காலம் நின்றுவிட்டால், அது ஒன்றினாலேயே பூமி கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. ஆனால் உடனே போய்ச் சேராது. அன்னதானத்து அண்டாவுக்கு அடியில் தீயைக் கூட்டினால் தண்ணீர் அந்த நிமிடமே கொதிப்பதில்லையே. பூமியின் அண்டா கடல். கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கை அதுதான் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் கரிவளி ஏறிக்கொண்டிருக்கும் காலத்துக்கு வேறொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மெல்ல ஏறி இரட்டிக்கிற அந்தச் சமயத்தில் 1.8 டிகிரி, கூடக்குறைய 1.4 முதல் 2.2 வரை. அதில் ஐந்தில் மூன்று பங்கு ஒன்றைத் தாண்டி வரும். மீத்தேன் போன்றவை கொஞ்சம் கூட்டுகின்றன, புகையும் தூசியும் கொஞ்சம் குறைக்கின்றன. அளந்து பார்த்ததும் இதை ஒட்டித்தான் வருகிறது: 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுச் சராசரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட 1.09 டிகிரி கூடுதல். பசிபிக் கடல் சூடாகிற எல் நினோவும் சேர்ந்துகொண்ட 2024 மட்டும் தனியாக 1.55.

(தைப்பூசத்தன்று மதியம் தார்ச்சாலை கால் வைக்க முடியாமல் சுடுவதை நான் ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். என் காலுக்கும் வயதாகிவிட்டது.)

இன்னொரு வழியிலும் கணக்கைச் சரிபார்க்கலாம். காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், மனிதர்கள் இதுவரை மொத்தம் எவ்வளவு வெளியிட்டோம் என்று கூட்டிப் பார்ப்பது. ஒரு லட்சம் கோடி டன் கரிவளிக்கு 0.45 டிகிரி என்பது ஐபிசிசியின் மதிப்பு. 1850 முதல் 2019 வரை சுமார் 2.4 லட்சம் கோடி டன். பெருக்கினால் 1.08. வேறு கதவு வழியாகப் போனாலும் அதே அறைக்குத்தான் வந்து சேர்கிறோம். காடழிப்பையும் சேர்த்தால் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் வெளியிடுகிறோம். அப்படியானால் 25 ஆண்டுக்கு ஒரு முறை இன்னொரு 0.45. இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வெளியிடுவதை முழுக்க நிறுத்தினால் கடலும் காடும் காற்றிலிருந்து கரிவளியை இழுத்துக்கொள்ளும், சூடு மேற்கொண்டு பெரிதாக ஏறாது என்றுதான் கணக்குகள் சொல்கின்றன. ஆகவே எதிர்காலச் சூட்டில் பெரிய சந்தேகம் மேகமா மனிதனா என்று கேட்டால், நான் மனிதன் என்பேன்.

இப்போது நம் மண்டபம். கரிவளி ஆண்டுக்குச் சுமார் இரண்டரை அளவு ஏறுகிறது. இதே வேகம் நீடித்தால் மேல் ஷட்ஜமான 560-ஐத் தொடுவது 2080-ஐ ஒட்டி. அப்போது நம் மண்டபத்துக்கு ஐம்பது வயது சொச்சம். இன்று ஐயர் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற குழந்தைகள் அதில் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைப்பார்கள். கரிவளி வெளியீட்டில் நடுத்தரமான ஒரு பாதையை வைத்து ஐபிசிசி போட்ட கணக்கில், 2081-2100 காலத்தின் சூடு 2.7 டிகிரி, 2.1 முதல் 3.5 வரை இருக்கலாம். உலகம் நல்லபடியாக நடந்துகொண்டால் 1.8, மோசமாகப் போனால் 4.4. இது உலகச் சராசரி. வடதுருவத்தில் இதைவிட அதிகம் ஏறும், நம் பக்கத்தில் அவ்வளவு இல்லை.

நமக்குச் சூட்டைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். கனமழையும் பொதுவாக அதே விகிதத்தில் கனக்கிறது. இப்போதைய நிலையிலிருந்து இன்னும் ஒன்றரை டிகிரி ஏறினால் பத்து விழுக்காடு. பழைய பதிவேடுகளின் காலத்திலிருந்து கணக்கிட்டால் இன்னும் அதிகம். ஐபிசிசியின் அதே நடுத்தரப் பாதைக் கணக்கில் கடல்மட்டம் 2100 இல் சுமார் 56 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், அதாவது இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. நம் லோங்காங் எங்கே போய்க் கொட்டுகிறது? கடலில்தான். நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்து மழை கொட்டினால் இப்போதே அது வடிவதில்லை, நின்று யோசிக்கிறது. இரண்டு அடி கூடிய கடலில் அது பின்னால் திரும்பி நம் வாசலுக்கு வரும்.

2017 நவம்பர் 4 இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பினாங்கில் ஏழு உயிர்கள் போன வெள்ளம். அந்த மழை கரிவளியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஒரு மழையை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் மறுநாள் காலை நாம் எல்லாரும் பார்த்த அந்த அறையைச் சொல்லலாம். மயில் வாகனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து, கழுத்துச் சாயம் கரைந்து தரையெல்லாம் நீலம். இரண்டு மிருதங்கங்கள் ஊறி, வார் தளர்ந்து, தொட்டால் ஈரத் தோல் நாற்றம். நான் நடத்துகிற வகுப்பின் ஆர்மோனியம் கடைசிவரைக்கும் திரும்பப் பாடவில்லை. அந்த அறைக் கதவின் நிலையில், தண்ணீர் எட்டிய இடத்தில் பண்டாரம் ஐயா பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். பெயிண்ட் அடித்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். போன வாரம் டேப் வைத்து அளந்தேன். சாலைமட்டத்திலிருந்து இரண்டடி மூன்று அங்குலம். நம் புதிய தரை ஆறு அங்குலம்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வரைபடத்தைப் பொறியாளரிடம் திருப்பி அனுப்பி, லோங்காங்கின் அளவையும் தரைமட்டத்தையும் எதிர்கால மழைக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இதற்குப் புதிதாக யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் எதிர்கால மழையைக் கணிப்பதற்கென்றே நஹ்ரிம் என்கிற நம் தேசிய நீர் ஆய்வுக் கழகம் 2013 இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பொறியாளருக்கு அது தெரியாவிட்டால், வேறு பொறியாளரைப் பார்க்கலாம். மழைக்கு நடு மதிப்பையும், தரைமட்டத்துக்கு அடுப்படி அக்காவின் மதிப்பையும் எடுக்கச் சொல்லுங்கள். வாகன அறை மேல்தளத்துக்குப் போகட்டும். தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்பீர்கள். இளைஞர் பகுதியில் முப்பது பேர் இருக்கிறார்கள், வருடத்துக்கு நாலு தடவைதானே. செலவு கூடும், தெரியும். வாசல் வளைவுக்கு ஒதுக்கியிருக்கிற வெள்ளியைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்பது என் எண்ணம். வளைவில் பெயர் வரப்போகிறவர்கள் கோபிக்க வேண்டாம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், தேநீருக்கு முன்னால். குத்துமதிப்பு என்று சொன்ன தம்பியை நான் கட்டாயம் பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டிலும் அவர்தான் அதிகம் கேள்வி கேட்பார். கூட்டம் தள்ளிப்போனால் புதன்கிழமை வாருங்கள். வகுப்பு எட்டரைக்கு முடியும். வரைபடத்தை எடுத்து வாருங்கள், டேப் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திருமுறை வகுப்பு ஆசிரியை